மெடிக்கல் ஒஃபிஸ் அசிஸ்டன்ட் படிக்கப் போகிறீர்களா? ஒன்ராறியோவில் பள்ளி தேடுவோருக்கு

கனடாவுக்கு வந்து கொஞ்சக் காலம் தொழிற்சாலையிலோ கடையிலோ நின்று வேலை செய்தவர்கள், இனி ஒரு மேசை வேலைக்குப் போவோம் என்று நினைக்கும்போது முதலில் விசாரிப்பது பெரும்பாலும் மெடிக்கல் ஒஃபிஸ் அசிஸ்டன்ட் படிப்பைத்தான். காரணம் இருக்கிறது. தனியார் கல்லூரிகளில் ஒரு வருடத்துக்குள் முடித்துவிடலாம். கிளினிக் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கக்கூடும். ஸ்காபுறோ, மார்க்கம், பிரம்டன் போன்ற இடங்களில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் முன் மேசையில் இருப்பதை டொக்டர்மாரும் விரும்புகிறார்கள், நோயாளிகளும் விரும்புகிறார்கள். பெண்கள்தான் அதிகம் வருகிறார்கள் என்றாலும் ஆண்களும் வந்து நன்றாகச் செய்கிறார்கள்.

நான் குடும்ப டொக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன் மேசையில் பல வருடங்களாக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதும் என் பொறுப்பு. ஒரே பெயருள்ள சான்றிதழோடு வரும் இரண்டு பேரில் ஒருவர் வந்த மறுநாளே தொலைபேசியை எடுத்துப் பேசுவார். மற்றவருக்கு ஹெல்த் கார்டில் எதைப் பார்க்கவேண்டும் என்பதே யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் கெட்டித்தனம் குறைந்தவர் என்று ஒருபோதும் நினைக்கமாட்டேன். அவர் வாங்கிய கடனுக்குரிய படிப்பை அவருடைய பள்ளி அவருக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆகவே பள்ளியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முதல், வேலை நடக்கும் மேசையைப் பாருங்கள். அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பள்ளி அதைச் சொல்லிக் கொடுக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலாவது: வேலை என்ன என்று போய்ப் பாருங்கள்

தாதியருக்கு இருப்பதுபோல இந்த வேலைக்கு ஒன்ராறியோவில் உரிமம் கிடையாது. எந்த அமைப்பிலும் பதிய வேண்டியதில்லை. சட்டப்படி பார்த்தால் படிக்காதவரைக்கூட டொக்டர் வேலைக்கு எடுக்கலாம். சான்றிதழின் பெயரை நம்பிப் பணம் கட்டக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் கைக்கு என்ன வரும் என்பதுதான் கேள்வி.

யூடியூப்பில் இந்த வேலையைத் தேடினால் அமெரிக்காவின் மெடிக்கல் அசிஸ்டன்ட் பற்றிய காணொளிகளே நிறைய வரும். அங்கே அவர்கள் இரத்தம் எடுப்பார்கள், ஊசி போடுவார்கள். இங்கே முன் மேசை வேலைதான் பெரும்பங்கு. சில கிளினிக்குகளில் இரத்த அழுத்தம், உயரம், நிறை பார்ப்பது, சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சி வைப்பது போன்றவையும் சேரும்.

ஒரு திங்கட்கிழமைக் காலையைச் சொல்கிறேன். கதவு திறக்க முதலே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். முதல் நோயாளி ஹெல்த் கார்டை நீட்டுகிறார். அதில் 10 இலக்கங்கள், அவற்றுக்குப் பின்னால் இரண்டு எழுத்துகள். அந்த இரண்டு எழுத்துகள்தான் வெர்ஷன் கோட். கார்ட் தொலைந்து புதிது எடுத்தவருக்கு இலக்கங்கள் அப்படியே இருக்கும், எழுத்துகள் மாறியிருக்கும். பழைய எழுத்துகளோடு, மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப்புக்கு பில் அனுப்பினால் அது திரும்பி வரும், டொக்டருக்குப் பணம் வராது. அதே நேரம் தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை எழுதவேண்டும். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்கவேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்த்துக் குறிக்கவேண்டும். வார இறுதியில் மின்சாரம் போய் அது 10 பாகைக்கு ஏறியிருந்தால் அந்த மருந்தை ஒருவருக்கும் போடாமல் வேறாக்கி வைத்து, பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும். இதற்கிடையில் ஃபேக்ஸில் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் ஸ்பெஷலிஸ்ட் கடிதங்களும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் சரியான ஆளின் கோப்பில் போடவேண்டும். ஒரே பெயரில் நான்கு சிவகுமார்கள் இருக்கும் கிளினிக்கில் பிறந்த திகதியைப் பார்க்காமல் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போது ஒரு ஐயா தொலைபேசியில் வருவார். "பிள்ளை, நெஞ்சுக்குள்ள ஏதோ அமத்துற மாதிரிக் கிடக்கு. நாளைக்கு டொக்டரைப் பார்க்கலாமோ?" நாளைக்கு நேரம் இருக்கிறதா என்று கணினியைப் பார்க்கும் நேரம் அல்ல அது. உடனே 911 அழைக்கச் சொல்லவேண்டும், அவர் தனியாக இருந்தால் வரியிலேயே பிடித்து வைத்திருந்து வேறு ஆளைக்கொண்டு அழைக்கவேண்டும், டொக்டருக்கும் சொல்லவேண்டும். நோய் என்ன என்று நாம் சொல்லக்கூடாது. ஆனால் எந்த அழைப்பு காத்திருக்காது என்று தெரிந்திருக்கவேண்டும்.

இதையெல்லாம் என் சொல்லில் மட்டும் நம்பாமல், உங்கள் குடும்ப டொக்டரின் கிளினிக்கிலும் பக்கத்தில் உள்ள இன்னும் ஒன்றிரண்டு கிளினிக்குகளிலும் கேளுங்கள். திங்கள் காலையில் போகவேண்டாம். வாரத்தின் நடுவில், மத்தியானத்துக்குப் பின் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய், முன் மேசையில் இருப்பவரிடம் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். என்ன மென்பொருள் பாவிக்கிறீர்கள்? எந்தப் பள்ளி மாணவர்கள் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள்? வந்தவர்களில் யாரையாவது வேலைக்கு எடுத்தீர்களா? மூன்றாவது கேள்விக்கான பதில், எந்தப் பள்ளியின் விளம்பரத் தாளையும் விடப் பெறுமதியானது.

வேலை விளம்பரங்களையும் வாசியுங்கள். மத்திய அரசின் ஜொப் பாங்க் தளத்தில் இந்த வேலைக்குரிய தொழில் இலக்கம் 13112. அதை அடித்தால் உங்கள் பகுதியில் என்ன சம்பளம் போகிறது என்றும் காட்டும். சம்பள விஷயத்தில் கண் திறந்தபடி வாருங்கள். சில சிறிய கிளினிக்குகள் குறைந்தபட்ச ஊதியத்துக்கு அருகில்தான் தொடங்குகின்றன. 2025 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில் அது மணிக்கு 17.60 டாலர். பில்லிங் நன்றாகத் தெரிந்தவருக்கும் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக், ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குப் போகிறவருக்கும் நிலைமை வேறு.

இரண்டாவது: அரச கல்லூரியா, தனியார் கல்லூரியா

சென்டெனியல், செனெக்கா, டர்ஹம் போன்ற அரச கல்லூரிகளில் இந்த வகைப் படிப்பு பொதுவாக 'ஒஃபிஸ் அட்மினிஸ்ட்ரேஷன், ஹெல்த் சேர்விசஸ்' என்ற பெயரில் வரும். டிப்ளோமா என்றால் இரண்டு வருடம். அண்மைக் காலத்தில் அரச கல்லூரிகள் பல படிப்புகளை நிறுத்தியும் மாற்றியும் வருவதால், நீங்கள் சேர நினைக்கும் பருவத்துக்கு அந்தப் படிப்பு திறந்திருக்கிறதா என்று கல்லூரியிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

தனியார் தொழிற்கல்லூரிகள், பலகையில் கரியர் கொலிஜ் என்று போட்டிருப்பவை, வருடத்தில் பல தடவை மாணவர்களைச் சேர்க்கும். மாலை வகுப்பும் கிடைக்கலாம். குழந்தைகள் உள்ளவர்களுக்கும் பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது பெரிய வசதி.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்களுக்கு வயது குறைவு, இரண்டு வருடம் ஒதுக்க முடியும், பிற்காலத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் போகும் எண்ணம் இருக்கிறது என்றால் அரச கல்லூரிக்குப் போங்கள். அந்த டிப்ளோமாவை எல்லோரும் அறிவார்கள். பின்னால் பட்டப்படிப்புக்குப் போனால் சில பாடங்களைக் கணக்கில் எடுக்கவும் கூடும். குடும்பச் சுமையோடு விரைவில் வேலைக்குப் போகவேண்டிய நிலை என்றால் நல்ல தனியார் கல்லூரி போதும். ஆனால் அந்த 'நல்ல' என்பதைக் கண்டுபிடிக்க நீங்கள் உழைக்கவேண்டும்.

மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எனக்கு இப்படிக் கேள்விகள் வருகின்றன. ஒன்ராறியோவில் தனியார் தொழிற்கல்லூரியில் இந்தப் படிப்பை முடித்தால், படித்தபின் வேலை செய்யக் கிடைக்கும் பி.ஜி.டபிள்யூ.பி அனுமதி கிடைக்காது. ஏஜென்சிக்காரர் என்ன சொன்னாலும் குடிவரவு அமைச்சின் தளத்தில் நீங்களே பார்த்துவிட்டுத்தான் ஒரு சதமும் கட்டவேண்டும். இந்தக் கட்டுரையின் மீதி, இங்கே நிரந்தர வதிவிடமோ அகதி அந்தஸ்தோ குடியுரிமையோ உள்ளவர்களுக்காக எழுதியது.

மூன்றாவது: பதிவு உண்டா என்று பாருங்கள்

இதற்குக் கால் மணி நேரம் போதும். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒன்ராறியோவில் தனியார் தொழிற்கல்லூரிகளை 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. தொழிற்கல்லூரிகளுக்கான சூப்பரின்டென்டன்ட் என்ற அரச அதிகாரியிடம் கல்லூரி பதிந்திருக்கவேண்டும். அதோடு, நீங்கள் படிக்கப்போகும் குறிப்பிட்ட படிப்புக்கும் அனுமதி பெற்றிருக்கவேண்டும். கல்லூரி பதிவானது, படிப்பு அனுமதியில்லாதது என்ற நிலையும் உண்டு. மாகாண அரசின் தளத்தில் கல்லூரிப் பெயரை அடித்தால் எந்த வளாகத்தில் எந்தப் படிப்புக்கு அனுமதி என்று காட்டும். சட்டத்தை மீறிய பள்ளிகள்மீது எடுத்த நடவடிக்கைகளும் வெளியிடப்படுகின்றன. உங்கள் பள்ளியின் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதிவு எதற்கு உதவும் என்று கேட்டால், 2015ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு பெப்ரவரி 19 அன்று எவரெஸ்ட் கொலிஜின் பதிவை ஒன்ராறியோ அரசு இடைநிறுத்தியது. மாகாணத்தில் இருந்த அதன் 14 வளாகங்களும் ஒரே நாளில் மூடப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள், சுகாதாரத் துறைப் படிப்புகளில் இருந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். அப்படியான நேரத்துக்காகவே பதிவுபெற்ற கல்லூரிகள் பணம் செலுத்தும் ஒரு பாதுகாப்பு நிதி இருக்கிறது. கல்லூரி மூடப்பட்டால் வேறு இடத்தில் படிப்பை முடிக்கவோ பணத்தைத் திரும்பப் பெறவோ அது வழிசெய்யும். பதிவில்லாத பள்ளியில் சேர்ந்தவருக்கு அந்த வழி இல்லை.

தனியார் கல்லூரிகளில் எத்தனை வீதமானோர் படிப்பை முடித்தார்கள், எத்தனை வீதமானோர் வேலைக்குப் போனார்கள், படித்த துறையிலேயே வேலை கிடைத்தவர்கள் எத்தனை வீதம் என்ற விவரங்களையும் மாகாண அரசு வெளியிடுகிறது. அந்தக் கடைசி எண்ணைத்தான் பார்க்கவேண்டும். மெடிக்கல் ஒஃபிஸ் அசிஸ்டன்ட் படித்துவிட்டு ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் வேலை செய்பவரும் 'வேலைக்குப் போனவர்' கணக்கில் வருவார்.

நான்காவது: வகுப்பறைக்குள் போய்க் கேளுங்கள்

பள்ளிக்குப் போனதும் உங்களை வரவேற்பவர் பெரும்பாலும் சேர்க்கைப் பிரிவுக்காரர். அன்பாகப் பேசுவார், தமிழிலும் பேசக்கூடும், தேநீரும் தருவார். நல்லது, பேசுங்கள். ஆனால் அன்றே கையெழுத்து வைக்கவேண்டாம். "இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் தள்ளுபடி, இன்னும் இரண்டு இடம்தான் இருக்கு" என்று அவசரப்படுத்தினால், அதுவே ஒரு தகவல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கவேண்டியது வகுப்பறையைப் பார்க்கவும் படிப்பிக்கும் ஆசிரியரோடு பத்து நிமிடம் கதைக்கவும். இதற்கு மறுக்கும் பள்ளியை விட்டுவிடலாம்.

ஆசிரியரிடம் முதலில், அவர் கடைசியாக எப்போது கிளினிக்கில் வேலை செய்தார் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் ஒருவரும் குறைநினைக்க மாட்டார்கள். பிறகு, ஓஹிப்புக்கு எத்தனை மாதத்துக்குள் பில் அனுப்பவேண்டும் என்று கேளுங்கள். முன்பு ஆறு மாதம் இருந்தது. 2023 ஏப்ரல் 1இலிருந்து மூன்று மாதமாகக் குறைத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஆறு மாதம் என்று சொல்லிக் கொடுக்கும் பள்ளியின் பாடக்குறிப்பு எவ்வளவு பழையது என்று உங்களுக்கே விளங்கும். அப்படிப் படித்து வந்த ஒருவர் நான்காம் மாதத்தில் அனுப்பும் ஒவ்வொரு பில்லும் டொக்டருக்கு நட்டம்.

அடுத்தது மென்பொருள். நோயாளிகளின் பதிவுகளை வைத்திருக்கும் இஎம்ஆர் மென்பொருள்களில் இங்கே அதிகம் பாவிப்பவை டெலஸ் பி.எஸ். சூட், அக்குரோ, ஒஸ்கார். இவற்றில் எதில் மாணவர்கள் தாங்களே உள்நுழைந்து பழகுகிறார்கள் என்று கேளுங்கள். 'காட்டுகிறோம்' என்பது வேறு, 'பழகவிடுகிறோம்' என்பது வேறு. திரையில் படம் போட்டு விளக்குவதால் ஒருவருக்கும் கை பழகாது. ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான ஒஸ்கார் திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் கட்டாமல் பள்ளிக் கணினியில் ஏற்றிப் பயிற்சி கொடுக்கலாம். எனவே பணம் இல்லை, அதனால் எந்த மென்பொருளும் இல்லை என்று ஒரு பள்ளி சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். ஒரு கணினியில் உங்கள் கண்முன்னே போலி நோயாளி ஒருவரைப் பதிந்து, நேரம் கொடுத்து, ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பதற்கான ரெஃபரல் கடிதம் ஒன்றை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கு நிறைய ரெஃபரல்கள் ஓஷன் போன்ற இணைய வழியில் போகின்றன. ஃபேக்ஸும் இன்னும் போகவில்லை. இரண்டையும் பழக்கவேண்டும்.

பில்லிங்தான் இந்தப் படிப்பின் நெஞ்சு. சாதாரண நோய்க்கு வந்த நோயாளிக்கு ஏ007, சின்ன விஷயத்துக்கு ஏ001 என்று ஒவ்வொரு சேவைக்கும் குறியீடு உண்டு. அதோடு நோய்க்கான மூன்றிலக்க எண்ணும் போடவேண்டும். எந்தக் குறியீடு என்று முடிவுசெய்வது டொக்டரின் பொறுப்புத்தான் என்றாலும், தவறியதைக் கவனித்துக் கேட்கவேண்டியது நீங்கள். மாணவர்களுக்குக் கொடுத்த ஒரு பில்லிங் பயிற்சித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் வந்த நோயாளிகளின் பட்டியலை வைத்து, குறியீடு போட்டு, திரும்பி வந்த பில்களைத் திருத்தி அனுப்புவதுவரை பழக்கினால் அது நல்ல பள்ளி. ஓஹிப் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. வேலையிடத்தில் காயப்பட்டவருக்கு, வேலையிடக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் படிவம் 8. அகதிக் கோரிக்கையாளருக்கு இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம், அதன் பில் மெடாவி புளூ குரொஸ் என்ற காப்புறுதி நிறுவனத்துக்குப் போகும். எங்கள் சனத்துக்கு வேலை செய்யும் கிளினிக்குகளில் இது அடிக்கடி வரும். இதை ஒரு பள்ளி சொல்லிக் கொடுத்தால், அங்கே யாரோ உண்மையான கிளினிக்கில் இருந்து வந்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

தொலைபேசிப் பயிற்சி எப்படி என்று கேளுங்கள். மேலே சொன்ன ஐயாவின் அழைப்பைப்போல நடித்துப் பழக்குகிறார்களா? கோபத்தோடு வருபவர், காது கேளாதவர், ஒரு மணி நேரமாகக் காத்திருப்பவர், எல்லோரோடும் பேசிப் பழகவேண்டும். வேலைக்கு வந்த முதல் மாதத்தில் அதிகம் அழவைப்பது தொலைபேசிதான்.

இரகசியம் காப்பதையும் விடவேண்டாம். 2004இலிருந்து ஒன்ராறியோவில் தனிப்பட்ட சுகாதாரத் தகவல்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, ஃபிப்பா என்பார்கள். ஒரு மணி நேரப் பாடமாக அதை முடித்துவிடும் பள்ளிகள் உண்டு. எங்கள் சமூகத்தில் அது போதாது. முன் மேசையில் நீங்கள் இருந்தால் உங்கள் மாமியின் சிநேகிதி வருவார், ஊர்க்காரர் வருவார், பிள்ளையின் வகுப்புத் தோழியின் தாய் வருவார். வீட்டுக்குப் போனால் "அவ ஏன் பிள்ளை வந்தவ?" என்று கேட்பார்கள். வந்தவர் என்பதையே சொல்லக்கூடாது. தெரிந்தவரின் கோப்பை ஆவலில் திறந்து பார்த்தாலும் தவறுதான். யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார் என்று மென்பொருள் பதிந்து வைக்கும். இதை உதாரணத்தோடு படிப்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

மருத்துவச் சொற்கள், தட்டச்சு, வேர்ட், எக்செல் எல்லாப் பள்ளியிலும் இருக்கும். அதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆங்கிலம் இன்னும் தடக்குகிறது என்று நினைத்தால், படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், மத்திய அரசின் லிங்க் என்ற ஆங்கில வகுப்புக்குப் போங்கள். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளுக்கும் அது இலவசம். ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை. டொக்டர் சொல்வதை ஒரு தடவையில் பிடிக்க முடியாதபோது மற்ற எல்லாப் பயிற்சியும் வீணாகிவிடும்.

ஐந்தாவது: பிளேஸ்மென்ட் யார் தேடித் தருவார்கள்

பிளேஸ்மென்ட் என்பது படிப்பின் பகுதியாகக் கிளினிக்கில் செய்யும் பயிற்சி. பலருக்கு வேலை கிடைப்பது பயிற்சிக்குப் போன கிளினிக்கிலேயே, அல்லது அந்தக் கிளினிக் சொல்லி இன்னொரு இடத்தில். அதனால் இதைச் சும்மா விடக்கூடாது. எத்தனை மணி நேரம் பிளேஸ்மென்ட், அதை ஏற்பாடு செய்வது பள்ளியா நீங்களா, கடந்த பருவத்து மாணவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். கிளினிக்குகளின் பெயரைச் சொல்லத் தயங்கினால் சந்தேகப்படலாம். "நீங்களே தேடிக்கொள்ளவேண்டும்" என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த டொக்டர் இருந்தால் அது தடையில்லை. புதிதாக வந்து ஒருவரையும் தெரியாதவருக்கு அது பெரிய சுவர்.

பயிற்சிக்குப் போன இடத்தில் என்ன வேலை கொடுத்தார்கள் என்பதை, அதே பள்ளியில் முடித்த ஒருவரிடம் கேளுங்கள். காகிதம் ஸ்கான் பண்ணுவதிலேயே முழு மாதத்தையும் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பள்ளி என்றால் நடுவில் ஒரு தடவையாவது ஒருவர் தொலைபேசி எடுத்து, மாணவர் பில்லிங் பார்த்தாரா, தொலைபேசியில் பேசினாரா என்று எங்களிடம் விசாரிப்பார். அப்படி விசாரிக்கும் பள்ளிகளின் மாணவர்களை நாங்கள் திரும்பவும் எடுப்போம்.

ஆறாவது: பணமும் ஒப்பந்தமும்

கட்டணத்தை ஒரு எண்ணாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள். வகுப்புக் கட்டணம் எவ்வளவு, புத்தகம் எவ்வளவு, சீருடை, முதலுதவிச் சான்றிதழ், பரீட்சைக் கட்டணம் தனியா? சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.

மாகாண அரசின் மாணவர் உதவித் திட்டமான ஓசாப்பின் கடன் எல்லாத் தனியார் கல்லூரிக்கும் எல்லாப் படிப்புக்கும் கிடைக்காது. அந்தப் படிப்பு அனுமதிக்கப்பட்டதா என்று ஓசாப் தளத்திலேயே பாருங்கள். கிடைத்தாலும் அதில் திருப்பிக் கட்டவேண்டிய பகுதி இருக்கிறது. "அரசாங்கம் தரும் பணம்தானே" என்று சேர்க்கைப் பிரிவுக்காரர் சொன்னால், எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்று காட்டச் சொல்லுங்கள். வேலை இழந்தவர்களுக்கு பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ என்ற திட்டம் இருக்கிறது. முன்பு செகண்ட் கரியர் என்று சொன்னது இதைத்தான். தகுதி இருந்தால் கட்டணத்தோடு போக்குவரத்து, பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்கும் உதவலாம். இதற்குப் பள்ளிக்குப் போகவேண்டாம், மாகாணத்தின் வேலைவாய்ப்புச் சேவையான எம்ப்ளோய்மென்ட் ஒன்ராறியோ அலுவலகத்துக்குப் போங்கள். பணம் அனுமதியாவதற்கு முன் படிப்பைத் தொடங்கிவிடவும் வேண்டாம்.

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆங்கிலம் நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவரோடு இருந்து வாசியுங்கள். பதிவுபெற்ற கல்லூரியின் ஒப்பந்தத்தில், படிப்பை முடித்தவருக்கு வேலை கிடைக்கும் என்று கல்லூரி உத்தரவாதம் தரவில்லை என்ற வாசகம் கட்டாயம் இருக்கவேண்டும். அது சட்டம். வாயால் "வேலை நிச்சயம்" என்று சொன்னவரிடம் அந்த வரியைக் காட்டி விளக்கம் கேளுங்கள். மாணவர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய தாளையும் உங்களுக்குத் தரவேண்டும்.

பணத்தைத் திருப்பித் தருவதற்கும் விதி உண்டு. ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்து இரண்டு நாளுக்குள் எழுத்தில் அறிவித்தால் கட்டியது முழுவதும் திரும்பும். அதற்குப் பின், வகுப்பு தொடங்க முதல் விலகினால், மொத்தக் கட்டணத்தில் 20 வீதம் அல்லது 500 டாலர், இவற்றில் எது குறைவோ அதை மட்டும் கல்லூரி எடுக்கலாம். உதாரணத்துக்குக் கட்டணம் 10,000 டாலர் என்றால் 20 வீதம் 2,000. ஆகவே 500 மட்டும்தான் எடுக்க முடியும். பாதிப் படிப்புக்கு முன் விலகினால் அந்த 500உம் நடந்த வகுப்புகளுக்குரிய பங்கும் போகும். பாதியைத் தாண்டிவிட்டால் திருப்பித் தரவேண்டிய கடமை கல்லூரிக்கு இல்லை. அதனால் பள்ளி சரியில்லை என்று தோன்றினால் முதல் சில வாரங்களிலேயே முடிவெடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்பி, அதன் பிரதியை வைத்திருங்கள். தீராத பிரச்சினை என்றால் முதலில் கல்லூரியின் முறைப்பாட்டு வழியில் எழுதவேண்டும். பதில் சரியில்லை என்றால் சூப்பரின்டென்டன்டுக்கு எழுதலாம்.

சேர்ந்த பின் உடனே செய்யவேண்டியவை

பலர் பிளேஸ்மென்ட் நெருங்கும்போதுதான் இவற்றுக்கு ஓடுகிறார்கள். வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே தொடங்குங்கள். பெரும்பாலான இடங்கள் பொலிஸ் சரிபார்ப்பு கேட்கும், அதில், பிள்ளைகள், முதியோர் போன்றவர்களோடு பழகும் வேலைக்கு எடுக்கும் வல்னரபிள் செக்டர் செக் என்ற வகையா என்று பள்ளியிடம் கேட்டு எடுங்கள். வருவதற்குக் காலம் எடுக்கலாம். அடுத்தது தடுப்பூசி விவரம்: சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா, பொக்குளிப்பான், ஹெபடைட்டிஸ் பி, காசநோய்ப் பரிசோதனை. சின்ன வயதில் ஊரில் போட்ட ஊசிக்கு எங்களில் பலரிடம் அட்டை இல்லை. இடப்பெயர்வில் போனது போனதுதான். கவலைப்படத் தேவையில்லை. குடும்ப டொக்டரிடம் சொன்னால் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை எழுதித் தருவார். இல்லாததற்கு மட்டும் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் பி தொடரை முழுதாகப் போட மாதக் கணக்கு ஆகும் என்பதால் இதைப் பிற்போடாதீர்கள்.

அப்படி டொக்டரிடம் போகும் அன்று, காத்திருக்கும் நேரத்தில் முன் மேசையில் இருப்பவரைக் கவனியுங்கள். அவர் எந்த நேரத்தில் எந்தத் திரையைத் திறக்கிறார், ஹெல்த் கார்டை எப்படிச் சரிபார்க்கிறார், இரண்டு அழைப்பு ஒன்றாக வந்தால் முதலில் யாரிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். விளங்காததை அடுத்த நாள் வகுப்பில் கேளுங்கள். ஆசிரியருக்குப் பதில் தெரியவேண்டும்.